பளபளப்பு வேறு, ஆயுள் வேறு

மொட்டை மாடியிலோ கடற்கரை வீட்டின் முற்றத்திலோ மரத்தளம் போட நினைப்பவர் பெயின்ட் கடையில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "வெயில், மழை எதுவும் அண்டாம ரொம்ப வருஷம் தாங்குற பாலிஷ் எது?" கடைக்காரர் யோசிப்பதேயில்லை. மேல்தட்டிலிருந்து விலை கூடிய டின் ஒன்று இறங்கும். "இது மெரைன் கிரேடு சார், கப்பலுக்கே போடறது. மூணு கோட் அடிச்சிட்டா அப்புறம் திரும்பிப் பார்க்க வேணாம்." வீடு கட்டித் தரும் ஒப்பந்தக்காரரும், இன்டீரியர்காரரும், போன வருஷம் வீடு கட்டி முடித்த மைத்துனரும் இதையே சொல்வார்கள். கண்ணாடி மாதிரி மினுங்கும் படலம் ஒன்று மரத்தின் மேல் ஏறிவிட்டால் மரம் பிழைத்தது. படலம் எவ்வளவு கெட்டியோ ஆயுளும் அவ்வளவு கெட்டி என்பது இவர்கள் எல்லாருக்கும் பொதுவான நம்பிக்கை.

அந்த நம்பிக்கை தவறு என்பதே என் கட்சி. திறந்தவெளியில் படுக்கைவாட்டில் கிடக்கும் பலகையை விரைவாகக் கெடுப்பவற்றில் அந்தக் கெட்டிப் படலமும் ஒன்று. வார்னிஷ், பியூ, எபாக்ஸி என்று பெயர் மாறலாம், விலையும் மாறலாம். மேலே தோலாக உறைந்து நிற்கிற எதற்கும் இது பொருந்தும்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை. வீட்டுக்குள் அது உண்மை. கூடத்து ஊஞ்சல் பலகைக்கும் சாப்பாட்டு மேசைக்கும் மெலமைனோ பியூவோ போட்டால் பல வருஷம் அப்படியே இருக்கும். அங்கே நேர் வெயில் இல்லை. மழை இல்லை. மரம் தண்ணீரைக் குடித்து ஊதுவதும் காய்ந்து சுருங்குவதும் மிகக் குறைவு. உள்ளே கற்ற பாடத்தை நிலைப்படிக்கு வெளியே அப்படியே தூக்கிக்கொண்டு வந்ததில்தான் பிழை தொடங்குகிறது.

முதலில் அந்தக் கப்பல் வாதத்தை எடுத்துக்கொள்வோம். மெரைன் வார்னிஷைக் கப்பலுக்குப் போடுகிறார்கள் என்பது உண்மை. கப்பலில் எங்கே போடுகிறார்கள் என்று கடைக்காரர் சொல்வதில்லை. பாய்மரக் கம்பங்களுக்கு, கைப்பிடிகளுக்கு, அறைக் கதவுகளுக்குப் போடுவார்கள். நடக்கிற தளத்துக்கு அல்ல. பாய்க்கப்பல் காலம் முதல் இருபதாம் நூற்றாண்டுப் போர்க்கப்பல்கள் வரை மேல்தளத்துத் தேக்குப் பலகை வெறும் பலகையாகவே கிடந்தது. மாலுமிகள் மண்டியிட்டு, மென்மையான மணற்கல்லையும் கடல்நீரையும் வைத்து அதைத் தேய்த்துக் கழுவினார்கள். இன்றும் சொந்தமாக உல்லாசப் படகு வைத்திருப்பவர்கள் கைப்பிடிக்கு வார்னிஷ் அடித்துவிட்டுத் தேக்குத் தளத்தைச் சாம்பல் நிறமாகவே விட்டுவைக்கிறார்கள். காரணம் எளிது. வார்னிஷ் அடித்த தளத்தில் தண்ணீர் பட்டால் கால் வழுக்கும். ஆடுகிற கப்பலில் வழுக்கினால் ஆள் கடலில். நம் மாடித்தளம் ஆடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் நடக்கிற தாத்தாவுக்கு எழுபத்தைந்து வயதாகியிருக்கலாம்.

தேக்குக் கப்பல் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. திருகோணமலையின் பெயர் தாங்கிய எச்.எம்.எஸ். டிரிங்கோமலி 1817இல் பம்பாய்க் கப்பல் கட்டும் தளத்தில், வாடியா குடும்பத்தாரால் மலபார்த் தேக்கில் கட்டப்பட்டது. இங்கிலாந்தின் ஹார்டில்பூலில் அது இன்னும் தண்ணீரில் மிதக்கிறது. இரண்டு நூற்றாண்டு அதைக் காப்பாற்றியது எந்த டின்னும் அல்ல. தேக்கின் குணமும், கெட்ட துண்டை மட்டும் கழற்றி வேறு துண்டு வைக்க இடம் தந்த வேலைப்பாடும்தான். பழுது பார்க்க வசதி இருப்பதே ஒரு வகை ஆயுள் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

படலம் வெளியில் ஏன் தோற்கிறது? மரம் சும்மா கிடக்கும் பொருள் அல்ல. வெட்டி இழைத்து ஆணி அறைந்த பிறகும் அது காற்றின் ஈரத்தை வாங்கும், விடும். ஈரம் ஏறினால் அகலத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கும். மரங்களில் மிகவும் அடக்கமானவற்றில் ஒன்று தேக்கு. அதுகூடப் பச்சை நிலையிலிருந்து முற்றிலும் காயும்போது வளையங்களின் போக்கில் ஏறத்தாழ 5.8 விழுக்காடு சுருங்கும். சித்திரை வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் இடையில் வெளியில் கிடக்கும் பலகையின் ஈரம் பத்துப் புள்ளி ஏறி இறங்குவது சாதாரணம். அப்படியானால் 140 மி.மீ. அகலமுள்ள பலகை இரண்டரை மி.மீ.க்கு மேல் அகன்று ஒடுங்கும். மேலே ஒட்டியிருக்கும் படலமோ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமன்கூட இருக்காது. புதிதாக இருக்கையில் அதுவும் கூடவே இழுபடும். வெயில் பட்டுப்பட்டு விறைத்த பிறகு இழுபடாது, கீறும். முதலில் பலகையின் ஓரத்தில், ஸ்குரூ தலையைச் சுற்றி, வெட்டுமுனையில் மயிரிழை மாதிரி வெடிப்பு தெரியும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை.

பார்க்காத அந்த வெடிப்பில்தான் கதை திரும்புகிறது. தண்ணீர் உள்ளே போவது நீராக, ஒரு மழைப்பொழுதில். வெளியே வர வேண்டியது ஆவியாக, மெல்ல, பல நாள் எடுத்து. அந்த வழியைத்தான் படலம் அடைத்துக்கொண்டு நிற்கிறது. பூச்சே இல்லாத பலகை மழை விட்ட சில நாளில் காய்ந்துவிடும். படலம் போர்த்திய பலகை அடுத்த மழை வரும்வரை உள்ளே ஈரமாகவே இருக்கும். வெட்டுமுனையில் மரத்தின் குழல்கள் திறந்து நிற்பதால் பக்கவாட்டைவிட அங்கே பல மடங்கு வேகமாக நீர் ஏறும். பாலிஷ் போடுபவர் பெரும்பாலும் தவறவிடுகிற இடமும் அதுதான். மேலே கண்ணாடி மாதிரி இருக்கும் பலகையின் முனையை உளியால் குத்திப் பார்த்தால் ரொட்டி மாதிரி உள்ளே இறங்குவதற்கு வேறு மாயம் எதுவும் தேவையில்லை.

தண்ணீருக்கு மேல் வெயில். மரத்தின் நார்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை லிக்னின். சூரியனின் புற ஊதாக் கதிரை மிகுதியாக உறிஞ்சுவதும் அதனால் சிதைவதும் அதுவே. மரத்தின் அழகு தெரியட்டும் என்று நிறமில்லாத வார்னிஷை விரும்பி வாங்குகிறோம். கண்ணுக்கு மரம் தெரிகிறது என்றால் வெளிச்சம் படலத்தைத் தாண்டி மரம்வரை போகிறது என்று பொருள். படலத்துக்கு அடியில், மரத்தின் மேல்தோலில் லிக்னின் கரைந்துகொண்டே வரும். படலம் பிடித்துக்கொள்ள எதுவும் மிஞ்சாது. உரிந்த வார்னிஷ் செதில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பின்புறம் சாம்பல் நிறத்தில் மரநார் ஒட்டியிருக்கும். வார்னிஷ் மரத்தை விட்டுக் கழன்றதாக நினைக்கிறோம். உண்மையில் மரம்தான் தன் மேல்தோலோடு கழன்றிருக்கிறது. புற ஊதாவைத் தடுக்கும் சரக்கை வார்னிஷில் கலப்பார்கள். அது ஓரளவு உதவும், நாளடைவில் தீர்ந்தும் போகும். முழு வெயில் படுகிற இடத்தில் நிறமற்ற வார்னிஷ் ஓரிரு ஆண்டுக்கு மேல் முழுசாக நிற்பது அரிது. அமெரிக்க வனத்துறை விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசனில் நடத்தும் மர ஆய்வகம் இத்தகைய பூச்சை இப்படிப்பட்ட இடத்துக்குப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. அது நூறாண்டுக்கு மேலாக மரத்தை மட்டுமே ஆராய்ந்துவரும் இடம். அங்கே அடிக்கும் வெயில் சென்னை வெயிலும் அல்ல.

சரி, இரண்டாண்டில் போய்விட்டது, மறுபடி அடித்தால் போயிற்று என்பார்கள். அங்கேதான் செலவு காத்திருக்கிறது. படலப் பூச்சுக்கு ஒட்டுப்போட முடியாது. உரிந்த இடத்தில் மட்டும் அடித்தால் திட்டுத்திட்டாகத் தெரியும்; உரியப்போகிற இடத்தின் மேல் அடித்தால் புதியதும் பழையதோடு சேர்ந்து உரியும். முழுத் தளத்தையும் சுரண்டி, மெஷின் வைத்து உப்புத்தாள் போட்டு, வெறும் மரம் தெரியும்வரை இறங்கி, மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். வீடு முழுக்கத் தூசி. கூலி, முதல் தடவையைவிடக் கூடுதல். ஒவ்வொரு தடவையும் பலகை கொஞ்சம் மெலியும். இதை ஒரு முறை செய்தவர் இரண்டாம் முறை செய்ய மாட்டார்; "மரமே நமக்கு ஒத்துவராதுங்க" என்று சொல்லிவிட்டு டைல்ஸுக்கோ, மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகைக்கோ போய்விடுவார். மே மாதப் பகலில் அந்தக் கலவைப் பலகைமேல் வெறுங்காலோடு நின்று பார்த்த பிறகு வேறு கதை. பழி மட்டும் மரத்தின் மேலேயே நிற்கும்.

படல நம்பிக்கையைத் தாங்கி நிற்பது ஓர் அச்சம்: பூச்சு போனால் மரம் வெளுக்கும், வெளுத்தால் செத்துவிடும். வெளுப்பதும் உளுப்பதும் ஒன்றல்ல. வெயிலில் லிக்னின் சிதைந்து மழையில் கழுவப்பட்டுப் போக, மிஞ்சிய நாரால்தான் மேல்பரப்பு வெள்ளிச் சாம்பலாகிறது. இது தோலளவு மாற்றம். மேடிசன் ஆய்வகத்தின் கணக்குப்படி, பூச்சில்லாமல் வெளியில் நிற்கும் ஊசியிலை மரம் நூறாண்டில் தேய்வது ஏறத்தாழ 6 மி.மீ.; அடர்த்தியான கடின மரங்கள் அதில் பாதி. நம் வெயிலுக்கும் படுக்கைவாட்டுக்கும் காலடித் தேய்மானத்துக்கும் சேர்த்து மூன்று மடங்கு என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். 25 மி.மீ. தேக்குப் பலகை உங்கள் பேரன் காலத்திலும் பலகையாகவே இருக்கும். மியான்மரில் மண்டலே பக்கம் அமரபுரத்தில், பழைய அரண்மனைத் தேக்கை வைத்து 1850 வாக்கில் கட்டிய ஊ பெய்ன் பாலம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம். சாம்பல் பூத்த அதன் பலகைகளில் இன்றும் மக்கள் நடக்கிறார்கள். அங்கே கெட்டதெல்லாம் பெரும்பாலும் தண்ணீரில் ஊன்றிய கால்கள். சிலவற்றுக்குப் பதிலாகக் கான்கிரீட் தூண் வைக்க வேண்டியிருந்தது. வெயில் தின்றதைவிடத் தேங்கிய ஈரம் தின்றதே அதிகம் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டாம்.

மரத்தை உண்மையில் அழிப்பது பூஞ்சணமும் கரையானும். பூஞ்சணத்துக்கு ஈரம் வேண்டும். மரத்தின் உலர் எடையில் 20 விழுக்காட்டுக்குக் கீழே ஈரம் இருக்கும்வரை அது வேலையைத் தொடங்காது. கரையான் மண்ணிலிருந்து, அடிச்சட்டத்தின் வழியே, நீங்கள் பார்க்காத பக்கத்திலிருந்து வருகிறது. மேலே அடித்த மூன்று கோட்டை அது சந்திக்கவே போவதில்லை. ஆக, மரம் நிலைப்பதற்கு இரண்டே வழி. ஒன்று, பூஞ்சணமும் கரையானும் தின்ன முடியாத மரமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மரம் காய்ந்துகொண்டே இருக்க வேண்டும். இரண்டுக்கும் மினுக்கத்துக்கும் சம்பந்தமில்லை.

முதல் வழியில் உலகம் பின்பற்றிய பாதை ஒன்றைப் போட்டவர் நம் நாட்டுக்காரர். டேராடூன் வன ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய சொண்டி காமேசம் 1933இல் செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த மரக்காப்புச் சரக்கு ஒன்றைக் கண்டுபிடித்தார். ஆஸ்கு என்ற பெயரில் அது உலகெங்கும் போயிற்று. செம்பும் ஆர்சனிக்கும் பூஞ்சணத்தையும் பூச்சியையும் தடுக்கும். குரோமியம் அவற்றை மழையில் கரையாமல் மரத்தோடு பிணைத்து வைக்கும். அமெரிக்க வீடுகளின் பின்புறத்தில் லட்சக்கணக்கான பைன் மரத்தளங்கள் முளைத்ததற்கு இந்த வேதியியல் ஒரு பெரிய காரணம். இல்லாவிட்டால் மண்ணருகே சில ஆண்டில் மக்கிப்போகும் மரம் அது. ஆர்சனிக் பற்றிய கவலையால் 2003 முடிவோடு அங்கே வீட்டு உபயோகத்துக்கு இதை நிறுத்தி, ஆர்சனிக் இல்லாத செம்புச் சரக்குகளுக்கு மாறினார்கள். அந்த முடிவு சரியே. நான் சொல்ல வருவது வேறு. காமேசத்தின் சரக்கு மேலே பூசுவதல்ல. பெரிய உருளைக்குள் மரத்தை வைத்து, காற்றை உறிஞ்சி, அழுத்தம் கொடுத்து உள்ளே ஏற்றுவது. மரத்தைக் காப்பது உள்ளே இருக்க வேண்டும் என்பது அன்றே தெரிந்த செய்தி. நாமோ 1933க்கு எத்தனையோ ஆண்டு கழித்தும் தூரிகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

தேக்குக்கு அந்தச் சரக்கு தேவையில்லை, இயற்கையே உள்ளே வைத்திருக்கிறது. ஆனால் எந்தத் தேக்குக்கு? சேகு என்றும் வைரம் என்றும் தச்சர்கள் சொல்லும் உள்மரத்தில்தான் அந்த எண்ணெயும் கசப்பும். சுற்றியிருக்கும் வெள்ளைப் பகுதி எந்த மரத்தில் இருந்தாலும் உளுத்துப்போகும். தேக்கு என்ற பெயர் அதைக் காப்பாற்றாது. டேராடூனில் பூச்சு எதுவும் இல்லாத மரக்குச்சிகளை மண்ணில் பாதி புதைத்து வைத்துச் சோதிப்பார்கள். சராசரியாக 120 மாதத்துக்கு மேல் நின்ற மரம் முதல் வகுப்பு. தேக்கின் சேகு அதில் சேரும். இப்போது சந்தையில் கிடைப்பதில் பெரும்பகுதி வளர்ப்புத் தோட்டத்து இளந்தேக்கு, வெளிநாட்டிலிருந்து இறங்குவது. இளமரத்தில் வெள்ளை அதிகம். அதை நிறம் ஏற்றிப் பாலிஷ் போட்டுவிட்டால் சேகுக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் தெரியாது. படலப் பூச்சின் மேல் கடைக்காரர்களுக்கு இருக்கும் பாசத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் சந்தேகப்படுகிறேன். பலகை வாங்கும்போது இழைத்த வெறும் மரத்தைக் கேளுங்கள், வெள்ளை தெரிகிற பலகையை ஒதுக்குங்கள். மூன்றாவது கோட்டுக்கு வைத்திருந்த பணம் அதற்குச் சரியாகப் போகும்.

இரண்டாவது வழி, காயவிடுவது. இதில் நம் கரையோரத்தாரிடம் பாடம் இருக்கிறது. கட்டுமரத்தின் கட்டைகள் எடை குறைந்த மென்மரம். தேக்கின் உறுதி அவற்றுக்குக் கிடையாது. கடலிலிருந்து திரும்பியதும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைப் பிரித்து மணலில் காயப்போடுவார்கள். ஊறிக் கனத்த கட்டை மிதவையாகவும் உதவாது, நாளும் நிற்காது என்பது அவர்கள் அனுபவம். தினம் கடலில் நனைகிற மரத்தை அவர்கள் மூடி வைக்கவில்லை, பிரித்து உலர்த்தினார்கள்.

மரத்தளத்தைத் தினமும் பிரித்துக் காயப்போட முடியாது. பிரித்துப் போட்ட மாதிரியே கட்டலாம். பலகைக்கும் பலகைக்கும் இடையே ஐந்தாறு மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் நீர் இறங்கும், காற்று ஏறும். நம் ஊர் மாடிகளில் நான் பார்க்கிற பெரிய குற்றம் அடியில் இருக்கிறது. டைல்ஸ் மேல் அரையடி உயரம்கூட இல்லாமல், ஒன்றரை அங்குல ரீப்பரை நேராகப் படுக்க வைத்து, அதுவும் நீரோட்டத்துக்குக் குறுக்கே வைத்து, அதன் மேல் பலகையை அறைந்துவிடுகிறார்கள். வடிகாலுக்குப் போக வேண்டிய மழைநீர் ரீப்பரில் முட்டி அங்கேயே குளம் கட்டும். ரீப்பரோ பெரும்பாலும் பெயர் தெரியாத ஜங்கிள் மரம். மேல் பலகை உயர்தரத் தேக்கு, அடியில் மூன்றாம் தர மரம், நடுவே தேங்கிய தண்ணீர். மேலே எந்த டின்னைக் கவிழ்த்தால் என்ன? ரீப்பரை நீரோட்டத்தின் திசையில் வைத்து, சிறு பீடங்களின் மேல் தூக்கி, அதன் முதுகில் தார்ப்பட்டை ஒன்றை ஒட்டி, வெட்டுமுனைகளுக்கு மெழுகுப் பூச்சு கொடுத்தால் வேலையில் முக்கால்வாசி முடிந்தது. ஆணிக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்குரூ. கடல் பக்கமென்றால் 316 தரம். சாதா இரும்பு தேக்கைத் தொட்ட இடத்தில் மை மாதிரி கறுப்பு இறங்கும், பிறகு ஸ்குரூ தின்னப்படும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, பூச்சே வேண்டாமா என்று கேட்பார்கள். நல்ல சேகுத் தேக்கும் ஒழுங்கான கட்டுமானமும் இருந்தால் வேண்டாம் என்பதே என் முதல் பதில். சாம்பல் நிறம் பிடிக்காதவர்களுக்கு இரண்டாவது பதில் இருக்கிறது: உள்ளே ஊறுகிற, நிறம் கலந்த எண்ணெய். ஆளி விதை எண்ணெய், டங் எண்ணெய் போன்ற காயும் எண்ணெய்களை அடிப்படையாகக் கொண்டு, பூஞ்சணம் தடுக்கும் மருந்தும் மிக நுண்ணிய இரும்பு ஆக்சைடும் சேர்த்து வருகிறது. செட்டிநாட்டு வீடுகளின் ரெட் ஆக்சைடு தரைக்குச் சிவப்பு தந்த அதே பொருள்தான். இங்கே துகள் மட்டும் மரத்தின் ரேகையை மறைக்காத அளவு சிறியது. புற ஊதாவை வழியில் மறிப்பது அந்தத் துகள். அதனால் நிறமற்ற எண்ணெயைவிட லேசாகச் செம்பழுப்பு ஏறிய எண்ணெய் அதிக நாள் நிற்கும். டின்னில் டீக் ஆயில் என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். தேக்கிலிருந்து எடுத்த எதுவும் அதில் இல்லை. நிறம் உண்டா, பூஞ்சண மருந்து உண்டா என்று மட்டும் கேளுங்கள்.

இந்த எண்ணெயும் நிரந்தரமல்ல. வருஷத்துக்கு ஒரு தடவை, நல்ல நிழலிருந்தால் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மறுபடி பூச வேண்டும். எதிர்க்கட்சி துள்ளிக் குதிக்கும் இடம் இதுதான்: "பார்த்தீர்களா, வருஷா வருஷம் வேலை!" வேலைதான். என்ன வேலை என்று பார்க்க வேண்டும். மண் போகத் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் காயவிட்டு, துணியால் ஒரு பூச்சு. உரிக்க எதுவும் இல்லை, ஏனென்றால் உரிய எதுவும் மேலே இல்லை. தேய்ந்த நடைபாதையில் மட்டும் பூசினாலும் பக்கத்துப் பலகையோடு ஒன்றிப்போகும். எண்ணெய் மங்கி மறையும், வார்னிஷ் வெடித்து உரியும். எது எத்தனை மாதம் தாங்கும் என்று ஒப்பிடுகிறவர்கள் தோற்கும் விதத்தை ஒப்பிடுவதில்லை. முதல் பத்தாண்டில் செலவான கூலியையும் உப்புத்தாளையும் கூட்டிப் பார்த்தால் எது பராமரிப்பில்லாத பூச்சு என்று தெரிந்துவிடும்.

இன்னொரு எதிர்வாதம் கொஞ்சம் வலுவானது. எண்ணெய் போட்ட மரம் மலைப்பக்கத்தில் கறுத்துவிடுகிறது என்று கொடைக்கானல், ஏற்காடு வீட்டுக்காரர்கள் சொல்கிறார்கள். உண்மை. மருந்து கலக்காத ஆளி விதை எண்ணெயைத் தடிப்பாகப் பூசிவிட்டால் பனியில் பூஞ்சணம் அதையே உணவாக்கி மேலே கறுப்பாகப் படரும். எண்ணெயை மெல்லியதாகப் போடுவதும் மருந்து சேர்ந்ததை வாங்குவதும் இதற்கு முக்கால் பதில். மிச்சத்துக்கு ஆக்ஸாலிக் அமிலக் கரைசலால் கழுவினால் மரம் வெளுத்துத் திரும்பும். அது விஷம், கையுறை போட்டுக்கொள்ள வேண்டும், செடிகளின் மேல் படவிடக் கூடாது. மரங்களுக்கு நடுவில் வெயிலே விழாத இடமென்றால், அங்கே எண்ணெயும் வேண்டாம், வெறும் மரமே போதும் என்பேன்.

எண்ணெய் என்றவுடன் பழமை பேசுகிறவர்கள் கைதட்டுவார்கள் என்பதால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், வேப்பெண்ணெய் எதுவும் இந்த வேலைக்கு ஆகாது. இவை காற்றுப் பட்டு ஆளி எண்ணெய் மாதிரி இறுகுவதில்லை. பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். வேலிக் கம்பத்துக்குத் தடவுகிற பழைய என்ஜின் ஆயிலை வீட்டுத் தளத்தில் தடவச் சொல்பவரிடம் பேச்சே வேண்டாம். குழந்தை வெறுங்காலோடு ஓடுகிற இடம் அது.

படலப் பூச்சுக்கு வெளியில் இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. சன்ஷேடுக்குக் கீழே செங்குத்தாக நிற்கும் வாசற்கதவு, ஜன்னல் சட்டம், தாழ்வாரத் தூண் இவற்றில் தண்ணீர் தேங்காது, உச்சி வெயில் விழாது. அங்கே நல்ல வார்னிஷ் அழகாகவும் இருக்கும், நாளும் தாங்கும்.

ஏற்கெனவே படலம் போட்டுவிட்டு இப்போது உரிகிறதே என்று நிற்பவர்கள் அடுத்த டின்னை வாங்குமுன் கொஞ்சம் பொறுங்கள். ஒரே ஒரு முறை முழுக்க உரித்தெடுக்கும் செலவைச் செய்தாக வேண்டும். இந்த முறை அது கடைசிச் செலவு. கீழைக்கரை ஊர்களில் வடகிழக்குப் பருவமழை முடிந்து, மரம் நன்றாகக் காய்ந்த தையும் மாசியும் அதற்கு ஏற்ற காலம். பழைய படலத்தைச் சுரண்டியபின் 80ஆம் நம்பர் உப்புத்தாளோடு நிறுத்திவிடுங்கள். மேசைக்குப் போடுகிற மாதிரி 220, 320 என்று போய் வழவழப்பாக்கினால் எண்ணெய் உள்ளே இறங்காது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உருண்டு நின்றால் படலம் இன்னும் மிச்சமிருக்கிறது, ஊறினால் மரம் தயார். நேர் வெயிலில் பூசாமல் காலையிலோ சாயங்காலத்திலோ, முக்கியமாக முனைகளில், மெல்லியதாகப் பூச வேண்டும். கால்மணி நேரம் கழித்து, மரம் குடிக்காமல் மேலே நிற்கும் எண்ணெய் அத்தனையையும் உலர்ந்த துணியால் துடைத்தெடுக்க வேண்டும். அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள்; காயும் எண்ணெய் ஊறிய துணி தானே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது. தண்ணீரில் நனைத்துவிட்டு வெளியில் விரித்துப் போடுங்கள்.

பாலிஷ்காரர் துடைக்க மட்டும் ஒப்ப மாட்டார். "பூசினதையே தொடைக்கச் சொல்றீங்களேம்மா, ஷைனிங் போயிடுமே" என்பார். பக்கத்திலேயே நின்று துடைக்க வையுங்கள். மேலே விட்ட எண்ணெய் ஒரு வாரத்தில் பிசினாக இறுகி, அது இன்னொரு படலமாகிவிடும்.